‘நம்ம வீடு’ குழுவில் ஒரு 90 சதவீதம்

சனிக்கிழமை, இரவு 8:12

அப்பா: 📷 படம்

அப்பா: தம்பியின் காலேஜ் அசைன்மென்ட் வாங்கி மார்க் போடும் மூடுல் தளத்தில் கிரேடுபுக், அதாவது மார்க் பட்டியல். மொத்தம் 90.00 சதவீதம்! எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா: 👏👏 என் தங்கம்

மாமா: வாழ்த்துகள் மாப்பிள்ளை. மருமகனுக்கு எங்கள் பக்கத்து மூளை.

அப்பா: அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் மச்சான் 😄

சித்தி: அத்தான், மொத்தத்துக்கு மேலே இருக்கும் வரிகளைப் பார்த்தீர்களா? ஐந்து அசைன்மென்டில் இரண்டுக்குத்தான் மார்க் இருக்கிறது. மற்ற மூன்றிலும் வெறும் கோடு.

அப்பா: கோடு என்றால் சார் இன்னும் திருத்தவில்லை என்றுதானே?

சித்தி: அப்படியும் இருக்கலாம். பையன் கொடுக்கவே இல்லை என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் அதே கோடுதான்.

மாமா: இது என்ன கூத்து? நான் தலைமை ஆசிரியராக இருந்தவரை, பரீட்சைக்கு வராதவனுக்கு மார்க் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் ஏபி, அதாவது ஆப்சென்ட். திருத்தாத கட்டு என் மேசையில் கிடக்கும். ஒன்றை இன்னொன்றாக யாரும் நினைக்க முடியாது.

நான்: சித்தி, கோட்டைப் பூஜ்யமாகக் கணக்கில் எடுக்காதா? அப்புறம் எப்படி 90?

சித்தி: எடுக்காது. காலியாக இருப்பதை விட்டுவிட்டுக் கூட்டு என்று மூடுலில் ஒரு செட்டிங் உண்டு. ஆசிரியர் கை வைக்காவிட்டால் அது ஆனில்தான் இருக்கும். தம்பிக்கு 20-க்கு 18, இன்னொரு 20-க்கு 18. 40-க்கு 36, அதாவது 90 சதவீதம். செட்டிங்கை ஆஃப் செய்தால் மூன்று கோடும் பூஜ்யம். 100-க்கு 36.

அம்மா: 36 ஆ??

அப்பா: ஒரே பையன், ஒரே நாள், 90-ம் சரி 36-ம் சரியா?

சித்தி: ஆமாம் அத்தான். கொடுத்ததில் எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறான் என்பது 90. எவ்வளவு கொடுத்திருக்கிறான் என்பதை அந்த எண்ணிடம் கேட்கவே கூடாது.

தம்பி: குடும்பமே என் கிரேடுபுக்கில் உட்கார்ந்திருக்கிறதா 😑

மாமா: வா ராஜா. அந்த மூன்று கோட்டுக்கும் கணக்குச் சொல்.

தம்பி: மூன்றாவது போன வாரமே கொடுத்துவிட்டேன், சார் திருத்தவில்லை. ஐந்தாவதுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான்காவதும் ஏற்றிவிட்டேன்.

சித்தி: ஏற்றினாயா, சப்மிட் செய்தாயா?

தம்பி: இரண்டும் ஒன்றுதானே சித்தி

சித்தி: சில பாடங்களில் ஒன்று, சிலவற்றில் இல்லை. அந்த அசைன்மென்ட் பக்கத்தைத் திறந்து, சப்மிஷன் ஸ்டேட்டஸ் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று அப்படியே எழுது.

தம்பி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா: எதை நீக்கினான்?

நான்: நான் பார்த்துவிட்டேன் 😂 ‘டிராஃப்ட் (நாட் சப்மிட்டட்)’ என்று போட்டிருந்தான்.

அம்மா: அப்படியென்றால்?

சித்தி: ஃபைல் தளத்தில் இருக்கிறது அக்கா, ஆனால் கொடுத்ததாகக் கணக்கில்லை. ஆசிரியர் விரும்பினால், ஏற்றிய பிறகு தனியாக சப்மிட் பட்டனையும் அழுத்தச் சொல்லலாம். ‘இது என் சொந்த வேலை’ என்று ஒரு டிக்கும் கேட்கலாம். அதுவரை என்னைப் போன்ற ஆசிரியரின் திரையில் அது டிராஃப்ட் எண்ணிக்கையில் நிற்கும், திருத்த வேண்டியவற்றில் வராது. என் வகுப்பிலும் எல்லா செமஸ்டரும் இப்படிச் சிலர் உண்டு.

அப்பா: கடைசி தேதி என்ன?

தம்பி: வியாழக்கிழமை

மாமா: போச்சு.

சித்தி: இருங்கள் அண்ணா. மூடுலில் டியூ டேட் வேறு, கட்-ஆஃப் டேட் வேறு. டியூ டேட் தாண்டினால் தாமதம் என்று குறித்துக்கொண்டு வாங்கிக்கொள்ளும். கட்-ஆஃப் தாண்டினால்தான் கதவு மூடும். டேய், சப்மிட் பட்டன் தெரிகிறதா?

தம்பி: தெரிகிறது

சித்தி: அப்படியென்றால் இந்தக் குழுவை விட்டுவிட்டு முதலில் அதை அழுத்து.

இரவு 8:41

தம்பி: ஆகிவிட்டது. இப்போது பச்சையில் ‘சப்மிட்டட் ஃபார் கிரேடிங்’. கீழே சிவப்பில் இரண்டு நாள் தாமதம் என்று.

அம்மா: சாருக்கு ஒரு மெயில் போட்டு விஷயத்தைச் சொல்லிவிடு கண்ணா.

அப்பா: ஆனால் பாடத்தின் முதல் பக்கத்தில் நான்காவதுக்கு நேராக ‘டன்’ என்று டிக் இருந்ததே! அதைப் பார்த்துத்தான் நான் நம்பினேன்.

சித்தி: அது எப்படி விழுந்தது என்று அவனைக் கேளுங்கள் 😄

தம்பி: நான்தான் டிக் செய்தேன். ‘மார்க் ஆஸ் டன்’ என்று பட்டன் இருந்தது, ஃபைல் ஏற்றியதும் அழுத்தினேன்.

மாமா: தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொண்டான்.

சித்தி: பட்டனைத் தந்தது அந்தக் கல்லூரிதான் அண்ணா, அவனை மட்டும் சொல்லாதீர்கள். ஆசிரியர் இன்னொரு வழியிலும் வைத்திருக்கலாம்: சப்மிட் செய்தால்தான் டிக், அல்லது மார்க் விழுந்தால்தான் டிக், அல்லது பாஸ் மார்க் வந்தால்தான். அப்போது மாணவன் கை வைக்க முடியாது, டிராஃப்டுக்கும் டிக் விழாது. என் பாடத்தில் அசைன்மென்ட் எல்லாவற்றுக்கும் சப்மிட் நிபந்தனைதான். கையால் போடும் டிக்கைப் படிக்கக் கொடுக்கும் பிடிஎஃப்-களுக்கு மட்டும் விட்டிருக்கிறேன், படித்தார்களா என்பது அவர்களுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

நான்: சித்தி, செட்டிங்கை ஆஃப் செய்து எல்லாக் கோட்டையும் பூஜ்யமாக்கிவிட்டால் பயத்திலாவது கொடுப்பார்களே?

சித்தி: ஒரு செமஸ்டரின் நடுவில் செய்து பார்த்தேன். கெடு வராத அசைன்மென்டும் பூஜ்யமாகச் சேர்ந்து, நன்றாகப் படிக்கும் பெண்களுக்கெல்லாம் 40, 45 என்று காட்டியது. அன்று மாலை முழுக்க போன். பயப்பட வேண்டியவர்கள் யாரும் பயப்படவில்லை, பயப்படத் தேவையில்லாதவர்கள் அழுதார்கள். இப்போது செமஸ்டர் முடியும்வரை மொத்தத்தையே மாணவர்களுக்கு மறைத்துவிடுகிறேன். கெடுவும் கட்-ஆஃபும் தாண்டி வராததற்கு நானே கையால் 0 போடுகிறேன். அப்போது கோடு என்றால் திருத்தவில்லை, 0 என்றால் கொடுக்கவில்லை.

மாமா: அதாவது என் ஏபி.

சித்தி: உங்கள் ஏபி-யேதான் அண்ணா, சிவப்பு மை இல்லாமல்.

நான்: ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்-லில் 12 வாரப் பாடத்துக்கு 12 அசைன்மென்டில் சிறந்த 8-ஐத்தான் எடுப்பார்கள். நான்கை விட்டாலும் 25-க்கு 25 வாங்கலாம். அதுவும் விட்டுவிடுவதுதானே?

சித்தி: அது முதல் நாளே சொல்லி வைத்த விதி. எத்தனையை விடலாம் என்று உனக்கு முன்பே தெரியும், நீ கணக்குப் போட்டு விடுகிறாய். இங்கே எதை விட்டோம் என்றே இவனுக்குத் தெரியவில்லை.

அப்பா: சரி, இனி நான் எதைப் பார்க்க வேண்டும்? ஒரே வரியில் சொல்லுமா.

சித்தி: மொத்தத்தைப் பார்க்காதீர்கள் அத்தான். ஒவ்வொரு அசைன்மென்டாகத் திறந்து, சப்மிட்டட் என்று இருக்கிறதா என்று மட்டும் அவனைக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் வாரம் ஒருமுறை போதும், தினமும் கேட்டால் பாஸ்வேர்டை மாற்றிவிடுவான்.

தம்பி: ஏற்கனவே மாற்றியாயிற்று 🙏

அம்மா: ஐந்தாவது எப்போது கொடுக்க வேண்டும்? அதைச் சொல் முதலில்.

தம்பி: திங்கட்கிழமை 12 மணி அம்மா, நிறைய நேரம் இருக்கிறது.

சித்தி: 12:00 ஏஎம்-ஆ, பிஎம்-ஆ?

தம்பி: ஏஎம்

சித்தி: அப்படியென்றால் அது நாளை ராத்திரிடா. லேப்டாப்பை எடு.