கலிஃபோர்னியா எஸ்டிமேட்டட் டாக்ஸ்: முழுத் தொகையைச் செலுத்திய பிறகும் அபராதம் ஏன்?

கேள்வி (மே 2025)

வணக்கம். ஃப்ரீமான்டில் வசிக்கும் நான், 2024 ஜனவரியில் சம்பள வேலையை விட்டுத் தனியாக மென்பொருள் ஆலோசனைப் பணியைத் தொடங்கினேன். வரியைப் பிடித்தம் செய்ய நிறுவனம் இல்லாததால், எஸ்டிமேட்டட் டாக்ஸை, அதாவது ஆண்டு வரியை மதிப்பிட்டு முன்கூட்டியே தவணைகளில் கட்டும் தொகையை, நானே செலுத்த வேண்டியதாயிற்று. 2023க்கான என் மாநில வரி 8,000 டாலர். அதே தொகையைச் செலுத்திவிட்டால் அபராதம் வராது என்று படித்ததால், ஏப்ரல் 15, ஜூன் 17, செப்டம்பர் 16, 2025 ஜனவரி 15 ஆகிய தேதிகளில் தலா 2,000 டாலர் செலுத்தினேன். ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) வரிக்கும் இப்படியே சம தவணைகளாகச் செலுத்தினேன். அங்கே சிக்கல் எழவில்லை. மாநிலத்திலிருந்து மட்டும் 37 டாலர் அபராதம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் இந்த ஏப்ரலிலும் கால் பங்கே செலுத்தியிருப்பதால் கவலையாக இருக்கிறது. முதல் தவறு என்று தள்ளுபடி கேட்கலாமா?

மறுமொழி 1

நீங்கள் செலுத்திய மொத்தம் சரி. தவணைகளின் பங்கீடுதான் தவறு. ஃபெடரல் வரிக்கு நான்கு தவணையும் தலா 25 விழுக்காடு. கலிஃபோர்னியாவிலோ ஏப்ரலில் 30, ஜூனில் 40, செப்டம்பரில் ஏதுமில்லை, ஜனவரியில் 30. ஆகவே உங்களிடம் ஏப்ரலில் 2,400 டாலரும், ஜூனுக்குள் மொத்தம் 5,600 டாலரும் எதிர்பார்க்கப்பட்டன. ஏப்ரலில் குறைந்த 400 டாலருக்கு 63 நாளும், ஜூனில் குறைந்த 1,600 டாலருக்குச் செப்டம்பர் தவணை வரை 91 நாளும், அப்போதிருந்த 8 விழுக்காட்டு ஆண்டு வட்டியில் கணக்கிட்டால் ஏறத்தாழ 37 டாலர் வரும். அபராதம் என்று பெயரிருந்தாலும், இது தாமதமான நாள்களுக்கு விதிக்கப்படும் வட்டியைப் போன்றதே.

ஒருமுறை மட்டும் வழங்கப்படும் தள்ளுபடி, படிவத்தையோ வரியையோ தாமதித்ததற்கான அபராதங்களுக்கே உரியது, இதற்குப் பொருந்தாது. பேரிடர் போன்ற அசாதாரணச் சூழலிலும், 62 வயதுக்குப் பின் ஓய்வுபெற்றவர்களும் உடற்குறைபாடு ஏற்பட்டவர்களும் நியாயமான காரணம் காட்டும்போதும் விலக்குக் கேட்கலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. இவ்வாண்டு பெரும் வருமானம் அக்டோபரில்தான் வரும். அதற்கும் இப்போதே 70 விழுக்காடு செலுத்த வேண்டுமா?

மறுமொழி 2

முந்தைய ஆண்டு வரியை அளவாகக் கொண்டால், ஆம். இம்முறை அது 2024க்கான உங்கள் மாநில வரி. ஏப்ரல் குறைவை இன்றே செலுத்துங்கள், நாள் கணக்கு அத்துடன் நிற்கும். ஜூன் 16க்குள் மொத்தம் 70 விழுக்காடு சேர்ந்திருக்கட்டும். 2024இல் உங்கள் சரிசெய்த மொத்த வருமானம் (சட்டம் அனுமதிக்கும் சில கழிவுகள் போன வருமானம்) 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால், அவ்வாண்டு வரியில் 100க்குப் பதிலாக 110 விழுக்காட்டை அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

அவ்வளவு பணம் கையில் இல்லையென்றால், மாநில வரித்துறையான எஃப்டிபியின் 5805 படிவத்தில் வருமானத்தைக் காலவாரியாகக் காட்டும் முறை உண்டு. மார்ச், மே, ஆகஸ்ட், டிசம்பர் முடிவு வரையான வருமானத்தை ஆண்டுக் கணக்காக்கி (அதே வேகத்தில் ஆண்டு முழுதும் வந்தால் எவ்வளவு என்று கணக்கிட்டு), அதற்குரிய வரியில் முறையே 27, 63, 63, 90 விழுக்காடு செலுத்தியிருந்தால் போதும். உழைப்பு மிகுதிதான்; ஆனால் அக்டோபர் வருமானம் உங்கள் ஜூன் தவணையை உயர்த்தாது. இதற்கு வரவு செலவுகளை அந்தந்தத் தேதியோடு எழுதிவைத்திருப்பது கட்டாயம். மே மாதம் வரையான கணக்கை இப்போதே முடித்துவிடுங்கள்.