மறு: மாறுவேடம் போதாதா?

எல்லோருக்கும் வணக்கம். கதை நாயகன் ஊருக்குத் தெரியாமல் வைத்திருக்கும் இன்னொரு ஆளை ஆங்கிலத்தில் ‘சீக்ரெட் ஐடென்டிட்டி’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘இரகசிய அடையாளம்’ என்றே வைத்துவிடலாமே, யாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் கதை பேசும்போது அடையாளம் என்றால் நமக்கு மச்சமும் தழும்பும்தான் நினைவுக்கு வருகின்றன. முகமூடி வாள்வீரன் ஸோரோ சுவரில் வாளால் கீறிவிட்டுப் போகிறானே ஒரு எழுத்து, அடையாளம் என்றால் அதுதான். அவன் ஒளித்து வைத்திருப்பது வேறு.

> மாறுவேடம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இதற்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும். 1940இல் ரூபன் மமூலியன் எடுத்த ‘தி மார்க் ஆஃப் ஸோரோ’வையே எடுத்துக்கொள்வோம். மாட்ரிட்டில் வாள் பயின்ற டியேகோ, அதாவது பிறகு ஸோரோவாகப் போகிறவன், கலிபோர்னியாவுக்குத் திரும்புகிறான். ஊரில் கொடுங்கோல் நடப்பதைக் கண்டதும் கைக்குட்டையும் வாசனையுமாக, உட்கார்ந்தால் எழ அலுத்துக்கொள்ளும் சொகுசுக்காரனாகிவிடுகிறான். பெற்ற அப்பாவே தலைகுனிகிறார். இரவில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு குதிரையேறுவது மாறுவேடம், சரி. ஆனால் பகலில் நடக்கும் கூத்துக்கு என்ன பெயர்? சொந்தப் பெயர், சொந்த முகம், சொந்த வீடு. பொய் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

படத்தின் உச்சமான வாள் சண்டையையும் பாருங்கள். வில்லனாக வரும் பேசில் ராத்போன் வாளை வீசி மெழுகுவத்தியின் தலையைச் சீவுகிறார். டியேகோவாக வரும் டைரோன் பவர் வீசுகிறார், மெழுகுவத்தி அசையவே இல்லை. எதிராளி சிரிக்கிறான். டியேகோ போய் மேல்பாதியைக் கையில் எடுத்துக் காட்டுகிறான், அது எப்போதோ துண்டாகிவிட்டது. இந்தச் சண்டை முழுக்க அவன் முகத்தில் முகமூடி கிடையாது! மாறுவேடம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் காட்சியை எப்படி விளக்குவீர்கள்? ‘மலைக்கள்ளன்’ (1954) படத்தில் எம்.ஜி.ஆர். அப்துல் ரகீமாக வருவதற்கு அந்தச் சொல் தாராளமாகப் பொருந்தும், இங்கே பொருந்தாது.

மற்ற பரிந்துரைகள்: ‘இரட்டை வேடம்’ சினிமாக்காரர்கள் கையிலும் மேடைப் பேச்சாளர்கள் வாயிலும் போய்விட்டது. ‘மறைமுகம்’ எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் வரிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். ‘ஒளிமுகம்’ என்றால் தேசுள்ள முகம் என்றுதான் படிப்பார்கள். நான் போன வாரம் நீட்டிய ‘கரவுரு’வை (கரவு + உரு, ஒளித்த உருவம்) நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன், “யாருக்குக் கரு?” என்று கேட்டார்கள்.

இப்போதைய என் பரிந்துரை: கரந்துறை முகம். கரந்துறைதல் என்றால் ஒளிந்து தங்குதல். எழுத்து விளையாட்டுப் பாட்டுகளான நம் சித்திரகவிகளில் கரந்துறைச் செய்யுள் என்று ஒன்று உண்டு. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள்ளேயே இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். மேலே மூடி ஏதும் கிடையாது, எழுத்தெல்லாம் கண் முன்னாலேயே கிடக்கும், படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அகப்படும். டியேகோவுக்குள் ஸோரோ இருப்பதும் அப்படியே.

> கரந்துறைதல் என்றால் அஞ்ஞாதவாசம்தானே?

ஆமாம், மறுக்கவில்லை. ஆனால் விராடன் அரண்மனையில் பிருகன்னளையாக இருந்தவன் அந்த ஓராண்டும் அர்ச்சுனன் என்ற பெயரோடு நடமாடவில்லை. டியேகோவோ இரண்டு பெயரோடும் ஒரே ஊரில் திரிகிறான். அதனால்தான் ‘வாழ்வு’ என்று சேர்க்காமல் ‘முகம்’ என்று சேர்த்தேன். ஆளைக் குறிக்க ‘கரந்துறை நாயகன்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், இந்த வகைப் படங்களுக்கு ‘வாட்சாகசத் திரைப்படம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். டூரிங் டாக்கீஸ் காலத்திலிருந்தே ‘கத்திச்சண்டைப் படம்’ என்று சொல்லி வருகிறோம், அதை ஏன் கலைக்க வேண்டும்? ‘ஸ்வாஷ்பக்ளர்’ என்ற ஆங்கிலச் சொல்லே கேடயத்தில் வாளைத் தட்டி ஓசையெழுப்பித் திரிந்த சண்டியர்களைத் திட்டப் பிறந்ததுதான், ஒன்றும் உயர்குடிச் சொல் இல்லை.

‘கரந்துறை முகம்’ எங்காவது இடறுகிறதா என்று ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். என் வாக்கியம்: “டியேகோவின் கரந்துறை முகத்தை அவன் தந்தைகூட அறியவில்லை.”