எம்எம்540 பின் ஆக்சில்: ஆறு மாசத்துல ரெண்டு தடவை போச்சு, ஹவுசிங்கோட மாத்தலாமா?

கடையாலுமூட்டுக்காரன்:

வணக்கம். எனக்க கையில கிடக்கது 1990 மாடல் மஹிந்திரா எம்எம்540 ஜீப்பு. பாக்குறதுக்கு வச்சிருக்க வண்டி இல்ல, வேலைக்காரன். ஆறுகாணிக்கு மேல எங்க ரப்பர் விளையில இருந்து ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏத்தி கீழ கொண்டு வரணும். இடவப்பாதி (தென்மேற்கு மழை) தொடங்கிட்டா பாதையும் ஓடையும் ஒண்ணுதான். மூணு வருஷம் முன்ன பழைய பியூஜோ என்ஜின எறக்கி டிஐ டீசல் என்ஜின் போட்டேன். டயரும் 7.50-16 ஆச்சு.

மாசியில முதல் அடி. ஏத்தத்துல வண்டி நின்னுட்டு, கீழ குனிஞ்சு பாத்தா புரப்பல்லர் ஷாஃப்ட்டு சுத்துது, வீல் சும்மா நிக்கி. வலது பின் ஹப்புல (வீல் மாட்டுக குடம்) கீ வெட்டிப் போயிருந்துது, அதான் ஹப்புக்கும் ஆக்சில் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல இருக்க சின்ன இரும்புத் துண்டு. ஃபோர் வீல் போட்டு முன் இழுவையிலயே வீடு வந்து சேந்தேன். வொர்க்‌ஷாப்புல புது கீ போட்டுக் குடுத்தான்.

போன வாரம் லோடோட லோ ரெண்டாவது கியர்ல எறங்குதேன். டமார்னு ஒரு சத்தம். எனக்க வலது பின் வீல் டிரம்மோட என்னையத் தாண்டி உருண்டு போகுது! பிரேக் மிதிச்சா பெடல் தரையத் தொடுது. பழைய வண்டி, ஒரே லைன், ஆயில் மொத்தமும் வெளிய. மச்சினன் குதிச்சிட்டான். ஆக்சில் முனை மண்ண உழுதுகிட்டே போய் பத்தடியில நின்னுது, நல்ல காலம்.

இப்ப மார்த்தாண்டத்துல ஒரு மெக்கானிக்கு, "இந்த ஆக்சிலுக்கு பலம் கிடையாது, பெருசா ஒண்ணு ஹவுசிங்கோட, வெளிக் கூட்டோட, மாத்து, 40,000 ஆவும்"ங்கான். இன்னொருத்தன் டிஃப்ரென்ஷியல வெல்டு அடிச்சிருன்னு சொல்லுதான். வீடியோவுல அமெரிக்காக்காரன் டானா 35 ஆக்சில கழட்டி எறிஞ்சிட்டு ஃபோர்டு 8.8 ஆக்சில் வைக்கான். எனக்கு எது?

பேச்சிப்பாறை டிரைவர்:

வெல்டு மட்டும் வேண்டாம் மக்கா. நான் அடிச்சு அனுபவிச்சவன். சகதியில நல்லாத்தான் ஏறும். குலசேகரம் தார் ரோட்டுல வளைவு எடுக்கும்போது ரெண்டு டயரும் கீச்சுன்னு அழும், ஏன்னா உள் வீலும் வெளி வீலும் ஒரே சுத்து சுத்தணும். அந்த முறுக்கு பூரா ஷாஃப்ட்டுக்குத்தான். நாலாம் மாசம் தார் ரோட்டுலயே ஒடிஞ்சுது. மழையில வண்டி நேராத்தான் போவும், நீ திருப்பினா கேக்காது.

லேத்துப் பட்டறை:

தம்பி, 40,000 குடுக்கதுக்கு முன்ன ஒடிஞ்ச ஷாஃப்ட்ட எடுத்து வெயில்ல வச்சுப் பாரு. ஒடிஞ்ச முகம் எப்படி இருக்கு?

டானா 35 கதைய விடு. அது செரோக்கி, ராங்ளர் ஜீப்புல வந்த மெல்லிசான ஆக்சில். பெரும்பாலானதுல ஷாஃப்ட்ட உள்ள ஒரு சி-கிளிப்தான் பிடிச்சிருக்கும். உனக்க வண்டியில கிடக்கது பழைய வில்லிஸ் சிஜே3பி ஜீப்பு வழி வந்த டானா 44 இனம், அவன்மாரு 35ஐ எறிஞ்சிட்டுப் போடுகதே இந்த 44ஐத்தான். இதுல நோவு வேற எடத்துல. ஷாஃப்ட்டு முனை கூம்பா இருக்கும், ஹப்பு தனியா அதுல ஏறும், நடுவுல ஒரு கீ. நெறைய பேரு கீதான் வீல சுத்துகுன்னு நினைக்கான். கிடையாது. கூம்பும் ஹப்பும் ஒண்ணோடொண்ணு இறுகிப் பிடிக்க பிடிதான் சுத்துகு. நட்டு தளந்தா அந்தப் பிடி போச்சு, அப்பறம் எல்லா அடியும் கீக்கும் கீ பள்ளத்துக்கும்தான். 1976ல இருந்து 1986 வரை சிஜே ஜீப்புல வந்த ஏஎம்சி 20 ஆக்சிலுக்கும் இதே தீனம். அங்க ஹப்பும் ஷாஃப்ட்டும் ஒரே உருப்படியா வாற செட்டு போட்டுத்தான் தீத்தானுவ.

கடையாலுமூட்டுக்காரன்:

பாத்தேன் அண்ணாச்சி. கூம்புல, கீ பள்ளத்துக்கிட்டதான் ஒடிஞ்சிருக்கு. பாதி முகம் கட்டன்சாயா நெறத்துல வழுவழுன்னு, மீதி கல்கண்டு ஒடச்ச மாதிரி பளபளன்னு இருக்கு.

லேத்துப் பட்டறை:

அப்ப அது ஒரு நாள்ல ஒடிஞ்சதில்ல. கீ பள்ளத்துக்க மூலையில கீறல் விழுந்து, கொஞ்சங்கொஞ்சமா உள்ள போயிருக்கு. கறுத்த பாகம் பழைய கீறல், பளபளப்பு அன்னைக்கு ஒடிஞ்சது. மாசியில கீ வெட்டினப்ப ஹப்ப மாத்தினானா?

கடையாலுமூட்டுக்காரன்:

இல்ல. கீ மட்டும். கிரீஸ் நல்லா அப்பித்தான் ஏத்தினான்.

லேத்துப் பட்டறை:

சவம், பெறவு எப்படி நிக்கும்! கூம்புல கிரீஸே ஆகாது. ரெண்டையும் துடச்சு காஞ்சபடி ஏத்தணும். ஹப்பு உள்ள விரல் விட்டுப் பாரு, வரி வரியா கோடு தட்டுப்பட்டா ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்குக் குடு. புது ஷாஃப்ட்டு, புது ஹப்பு, புது கீ. ஏத்துகதுக்கு முன்ன கூம்புல நீல மை தடவி ஹப்ப ஒரு தடவ வச்சு எடு, மை சுத்திலும் ஒரே சீரா ஒட்டியிருக்கணும். நட்டு குறைஞ்சது 150 அடி-பவுண்டு. அதாவது ஒரு மீட்டர் பைப்பு முனையில 20 கிலோவுக்கு மேல பாரம் தொங்குகது போல. காட்டர் பின் ஓட்டை நேர் வரல்லன்னா இன்னும் முறுக்கு, பின்னால விடாத. ஒரு லோடு அடிச்சிட்டு வந்து மறுபடியும் பிடி.

வில்லிஸ் கிறுக்கன், நாகர்கோவில்:

அண்ணாச்சி சொன்னதுதான் செரி. ஆனா வீல் கழண்டு ஓடுக பயம் போகணும்னா ஃபுல் ஃப்ளோட்டிங்தான். அதுல பாரத்த ஸ்பிண்டில் தாங்கும், ஷாஃப்ட்டு சுத்துக வேல மட்டும் பாக்கும். ஒடிஞ்சாலும் வீல் நிக்கும். இரண்டாம் உலகப் போர் வில்லிஸ் எம்பியில பின்னாடி அப்படித்தான் இருந்துது.

கோயம்புத்தூர் உக்கடத்துலயோ சென்னை புதுப்பேட்டையிலயோ பழைய பார்ட்ஸ் கடையில போய் முழு ஆக்சில் எடுத்தா முதல்ல ரேஷியோ பாரு, அதான் ரெண்டு வீலும் ஒரு சுத்து சுத்த புரப்பல்லர் எத்தன சுத்து சுத்தணும்ங்க கணக்கு. முன்ன 5.38, பின்ன 4.88ன்னு போட்டு ஃபோர் வீல்ல காஞ்ச ரோட்டுல ஓட்டினா டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவைய முன்னும் பின்னும் பிரிச்சுக் குடுக்க பெட்டி) சாகும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வச்சு, தூக்கின வீல ரெண்டு சுத்து சுத்து. புரப்பல்லர் எத்தன சுத்து வருதோ அதுதான் ரேஷியோ. ஸ்பிரிங் பட்டை உக்காருக இடமும் பினியன் கோணமும் சேரணும்.

என்ஜின் மாத்தினத ஆர்.சி.யில ஏத்தினியா? 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சும்மா இல்ல, செக்போஸ்ட்டுல மாட்டினா தெரியும்.

கடையாலுமூட்டுக்காரன்:

ஆர்.சி. பத்தி அப்பறம் பேசுவோம் அண்ணே, இங்க எல்லாரும் பாக்கானுவ.

நேத்து இடது பக்கமும் கழட்டினேன். காட்டர் பின்ன உருவிட்டு ஸ்பேனர் வச்சா நட்டு முக்கா சுத்து சும்மா வருது. அதுவும் ஒடியுகதுக்குக் காத்துக் கெடந்திருக்கு. ரெண்டு பக்கமும் ஷாஃப்ட்டு, ஹப்பு, பேரிங் சொல்லியாச்சு. ஹவுசிங் பழசுதான். டயரையும் திரும்ப 7.00க்கு எறக்குதேன், லோ கியர் போட்டா 2.46 மடங்கு முறுக்கு வாற வண்டிக்கு அது போதும்.

ஓடின வீல் ஒரு மரத்துல இடிச்சு, வெட்டுப் பட்டை ஒரு முழம் உரிஞ்சு போச்சு. எங்க அப்பாவுக்கு ஜீப்பப் பத்தி ஒண்ணும் இல்ல, அந்த மரத்துல இனி பால் வெட்ட முடியாதேன்னுதான் வெசனம். மார்த்தாண்டத்துக்காரன் ரெண்டு வாட்டி போன் அடிச்சான், எடுக்கல்ல.