சானலில் ஓடும் சானல்: ஒரு கலைச்சொல் வேண்டும்

மடல் 1: நாகர்கோவிலிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு,

எங்கள் மாவட்டத்தில் சானல் என்றால் முதலில் தண்ணீர்தான். அனந்தனார் சானல், தோவாளை சானல், ஏவிஎம் சானல் என்று பழகிய வாய்க்கு, தொலைக்காட்சிக்கும் அதே பெயர் வந்து சேர்ந்தபோது ஒரு சங்கடமும் இல்லை. சானல்கரையில் வீடு, வீட்டுக்குள் சானல். (ஏவிஎம் என்றதும் வெளியூர் நண்பர்கள் சினிமா ஸ்டுடியோவை நினைக்க வேண்டாம். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகு வழியால் இணைக்கத் திருவிதாங்கூர் அரசு 1860இல் வெட்டத் தொடங்கி, கன்னியாகுமரியை எட்டாமலே நின்றுபோன கால்வாய்.)

இப்போது இரண்டு சானலும் சேர்ந்து என் மேசைக்கு வந்திருக்கின்றன. பிரிட்டன் கால்வாய்களைப் பற்றிய தொடர் ஒன்றுக்குத் தமிழ் வர்ணனை எழுதுகிறேன். மூலத்தில் ‘இண்டஸ்ட்ரியல் ஹெரிடேஜ்’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. தொழிற்புரட்சிக் காலம் விட்டுப்போன ஆலை, கால்வாய், பாலம் போன்றவற்றுக்கு அவர்கள் வைத்த பொதுப்பெயர். முதலில் ‘தொழில்துறைப் பாரம்பரியம்’ என்று எழுதினேன். குரல் கொடுப்பவர் ஒருமுறை வாசித்துவிட்டு, நகைக்கடை விளம்பரம் போல இருக்கிறது என்றார். உண்மைதான். மூன்று தலைமுறை, சேதாரம் இல்லை, பாரம்பரியம். ‘தொழில் மரபு’ என்று மாற்றினேன். என் அப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “யாருடைய குலத்தொழிலைப் பற்றிய படம்?” என்று கேட்டார். தமிழில் தொழிலையும் மரபையும் பக்கத்தில் உட்காரவைத்தால் அந்த வாடை வந்துவிடுகிறது.

புதுச்சொல் தேடுவதற்கு முன், தொலைக்காட்சி இதை எப்படிக் காட்டுகிறது என்று சொல்லிவிடுகிறேன். சொல்லைக் கேட்பவர் பார்க்கப்போவது அந்தப் படத்தைத்தானே.

தொலைக்காட்சிக்குக் கால்வாய் என்றால் மெதுவாக நகரும் அழகு. சேனல் 4இல் 2014 முதல் நடிகத் தம்பதி டிமதி வெஸ்டும் புரூனெல்லா ஸ்கேல்ஸும் ஒடுங்கிய படகில் கால்வாய் கால்வாயாகப் போனார்கள். மனைவியின் ஞாபகம் மெல்ல மங்கிவருவதும் அதில் மறைக்கப்படவில்லை. பார்த்தவர் மனத்தில் நின்றது அந்த இருவர். கால்வாய் அவர்கள் உட்கார்ந்து பேசிய திண்ணை. 2015 மே மாதம் பிபிசி ஃபோர் இன்னும் ஒரு படி போய், கென்னட்–ஏவன் கால்வாயில் ஒரு படகுப் பயணத்தை இரண்டு மணி நேரம் அப்படியே ஓடவிட்டது. வர்ணனை கிடையாது, இசை கிடையாது. வரலாற்றுக் குறிப்புகள் காட்சியோடு எழுத்தாக வந்து மறைந்தன. (என் பிழைப்புக்கு ஆகாத வகை. ஆனாலும் முழுதும் பார்த்தேன்.)

வேல்ஸில் டீ ஆற்றின் குறுக்கே பொன்ட்கசல்ட்டே என்று ஒரு பாலம் இருக்கிறது. வில்லியம் ஜெசப், தாமஸ் டெல்ஃபோர்ட் இருவர் பெயரிலும் நிற்பது, 1805இல் திறந்தது. 126 அடி உயரத்தில் வார்ப்பிரும்புத் தொட்டி, அதற்குள் தண்ணீர், தண்ணீரில் படகு. ஒரு பக்கம் நடைபாதையும் கைப்பிடிக் கம்பியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான். அந்தப் பக்கத்திலிருந்து படம் பிடித்தால் படகு வானத்தில் போவது போல இருக்கும். படம் எடுக்க வருகிறவருக்கு இந்தக் காட்சியை விட மனம் வருமா? கூடவே, சாந்தில் எருதின் இரத்தம் கலந்தார்கள் என்ற செய்தியும் வரும். நம் ஊர்க் கோட்டைச் சுவர்களுக்குக் கருப்பட்டியும் கடுக்காயும் வருவது போல. சாந்தில் என்ன கலந்தது என்று இரண்டு நாட்டிலும் ஆசையாகச் சொல்வார்கள். சாந்துச் சட்டியைச் சுமந்தவர் பேச்சு வரும்போது விளம்பர இடைவேளை வந்துவிடும்.

கால்வாய் வெட்டிய கூலியாட்களுக்கு ஆங்கிலத்தில் ‘நேவி’ என்று பெயர். கடற்படைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காலத்தில் படகு போகும் கால்வாயை ‘நேவிகேஷன்’ என்றார்கள், வெட்டியவர் ‘நேவிகேட்டர்’, வாயில் தேய்ந்து ‘நேவி’. பின்னால் ரயில் பாதை போட்டவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த முதல் பகுதியில் இவர்களுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வாக்கியம். சரக்குப் படகுக் குடும்பங்களும் அப்படித்தான். ஏழடி அகலப் படகில் நிலக்கரிக்குப் போக மிச்சமிருந்த பின்பக்கச் சிற்றறைக்குள் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் வாழ்ந்தார்கள். படகு நிற்காததால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நிலைக்கவில்லை. திரையில் வருவது அந்த அறைக் கதவில் தீட்டிய ரோஜாவும் கோட்டையும்.

விதிவிலக்கு ஒருவர் உண்டு: போல்டன் ஊர்க்காரர் ஃபிரெட் டிப்னா. ஆலைப் புகைபோக்கிகளில் ஏறிப் பழுதுபார்த்தவர். 1979இல் அவரைப் பற்றிப் படம் எடுத்த பிபிசி, பிறகு அவரையே தொகுத்து வழங்க வைத்தது. நீராவி எந்திரத்தை அவர் விளக்கும்போது கையில் எண்ணெய்க் கறை இருக்கும். எனக்கு வேண்டிய சொல்லிலும் அந்தக் கறை கொஞ்சம் இருக்க வேண்டும்.

என் முன்மொழிவு: தொழில்தடம். தடம் என்றால் போனவர் விட்டுப்போனது; பின்னால் வருகிறவர் அதில் நடக்கவும் செய்யலாம். எங்கள் பக்கம் தென்னை மூட்டில் தண்ணீர் நிற்க வெட்டுவதும் தடம்தான். பஸ்ஸுக்கும் தடம் எண் உண்டு. உயிரோடு இருக்கும் சொல். என்ன சொல்கிறீர்கள்?

மடல் 2: மதுரையிலிருந்து

> என் முன்மொழிவு: தொழில்தடம்

தொழில் + தடம் = தொழிற்றடம். இலக்கணம் அதுதான், பிடிக்கிறதோ இல்லையோ.

அதைவிடப் பெரிய குறை, ‘ஹெரிடேஜ்’ என்பதில் கைமாறி வருவது என்ற பொருள் இருக்கிறது. தடத்தில் அது இல்லை. ஈழத்தில் ‘மரபுரிமை’ என்று நெடுங்காலமாக எழுதுகிறார்கள். தொழில் மரபுரிமை என்று வைத்தால் என்ன குறை?

மடல் 3: நாகர்கோவிலிலிருந்து

ஐயா, மரபுரிமை தனியாக நிற்கும்போது நல்ல சொல். முன்னால் தொழில் வந்தால், கோவிலில் முறை பிரித்து வேலை செய்யும் உரிமைக்கு வழக்குப் போட்டது போல ஆகிவிடுகிறது. அப்பா இதற்கும் சிரிப்பார்.

தொழிற்றடத்தைக் குரல் கொடுப்பவரிடம் வாசிக்கச் சொன்னேன். “தொழில் திடமா?” என்று கேட்டார்.

மடல் 4: திருவட்டாற்றிலிருந்து

தம்பி, உங்கள் சொல்லில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நெடுஞ்சாலைத் துறை நடத்தும் வேலைக்குப் பெயர் ‘சென்னை–கன்னியாகுமரி தொழில்தடத் திட்டம்’. உங்கள் வர்ணனையைக் கேட்கிறவர் அங்கேயும் நான்குவழிச் சாலை போடுகிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வார்.

மதுரை ஐயா சொன்ன கைமாறுதல் பற்றி எனக்கு வேறு எண்ணம். மாத்தூர் தொட்டிப்பாலம் என் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். காமராஜர் காலத்துத் திட்டம், 1966இல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி, 28 தூண்கள். தொட்டி ஏழடி ஆழம், ஏழரை அடி அகலம். நீங்கள் எழுதிய வேல்ஸ் பாலத்துக்கும் இதற்கும் உயரத்தில் 11 அடிதான் வித்தியாசம். உங்கள் ஏழடிப் படகு எங்கள் தொட்டிக்குள் நுழைந்தும் விடும். மேலே கான்கிரீட் பலகைகள் இருப்பதால் படகுக்காரர் படுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

ஆனால் இதைக் கட்டியது படகுக்காக அல்ல. பட்டணங்கால் என்ற பாசனக் கால்வாயின் தண்ணீர் ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குப் போய், விளவங்கோட்டுப் பக்கத்து வறண்ட நிலத்துக்குச் சேர வேண்டும், அதற்காக. தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள், ட்ரோன் பறக்கிறது, “ஆசியாவிலேயே உயரமானது, நீளமானது” என்கிறார்கள். அளந்தவர் யார் என்று எந்த நிகழ்ச்சியும் சொல்வதில்லை. தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்று என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தொட்டி காய்ந்திருந்த மாதத்தில் வந்த ஒரு குழு, “ஒருகாலத்தில் தண்ணீர் ஓடிய பாலம்” என்று சோக இசையோடு காட்டிவிட்டுப் போனது. அணையை மூடியிருந்தார்கள் ஐயா, அவ்வளவுதான். அடுத்த பாசனத்துக்குத் திறந்ததும் தண்ணீர் வந்தது.

ஆகவே, சொத்து, பாரம்பரியம், எச்சம் எதுவும் வேண்டாம். எல்லாமே சொந்தக்காரர் செத்த பிறகு வரும் சொற்கள். தம்பியின் தடம் இருக்கட்டும். தொழிலை எடுத்துவிட்டு உழைப்பை வையுங்கள். உழைப்புத்தடம். குலத்தொழில் வாடை இல்லை, நெடுஞ்சாலைத் துறையோடு சண்டை இல்லை, புணர்ச்சியிலும் ஒரு ‘த்’ மட்டும்தான்.

மடல் 5: மதுரையிலிருந்து

ஏர் உழுவதும் உழைப்பு. கடற்கரையில் கரமடி வலை இழுப்பதும் உழைப்பு. மலையடிவாரத்தில் ஒரு வரப்பு கிடந்தால் அதுவும் உழைப்புத்தடமா? தொழிற்புரட்சி என்ற காலக்குறி சொல்லிலிருந்து நழுவிவிட்டது. எல்லை இல்லாத சொல் கலைச்சொல் ஆகாது.

மடல் 6: நாகர்கோவிலிலிருந்து

அண்ணாச்சி, உங்கள் சொல்லை மூன்று நாள் வாசித்துப் பார்த்தேன். ஒலிப்பதிவில் சுத்தமாக நிற்கிறது.

> எல்லை இல்லாத சொல் கலைச்சொல் ஆகாது

ஐயா, எல்லையைச் சொல்லுக்குள்ளேயே அடைக்க வேண்டியதில்லை. ‘தொல்லியல்’ என்பதில் பழையது என்ற பொருள்தான் இருக்கிறது. அதற்காகத் தாத்தாவின் குடையைத் தொல்லியல் துறைக்கு யாரும் கொண்டுபோவதில்லை. பிரிட்டனிலும் சொல்தான் முன்னால் வந்தது. ‘இண்டஸ்ட்ரியல் ஆர்க்கியாலஜி’ என்பதை மைக்கேல் ரிக்ஸ் 1955இல் ஒரு கட்டுரையில் எழுதிப் பரவச் செய்தார். எதெல்லாம் இதில் அடங்கும் என்று உலக அளவில் எழுதிவைத்த நிஷ்னி தாகில் சாசனம் (ரஷ்ய நகரம் ஒன்றின் பெயர்) வந்தது 2003இல். ஆலை, சுரங்கம், கிடங்கு, போக்குவரத்து எல்லாம் சொல்லிவிட்டு, தொழிலாளர் குடியிருப்பு, வழிபாட்டிடம், பள்ளி ஆகியவற்றையும் அது சேர்த்துக்கொண்டது. பாட்டாளி தூங்கிய இடமும் உள்ளே வருகிறது என்றால் உழைப்பு என்ற முன்னொட்டு தவறில்லையே. இன்னொன்று: ‘இண்டஸ்ட்ரி’ என்ற சொல்லுக்கே ஆலை என்ற பொருள் பின்னால் வந்ததுதான். முதல் பொருள் ஊக்கத்தோடு உழைப்பது. அவர்கள் விட்டுவிட்டு வந்த பொருளை அண்ணாச்சி எடுத்து வைத்திருக்கிறார்.

காலக்குறிக்கு ஒரு வழி செய்கிறேன். ஒவ்வொரு பகுதியிலும் முதல்முறை வரும்போது ‘தொழிற்புரட்சிக் கால உழைப்புத்தடம்’. அதன் பிறகு தனியாக.

சொல்லை உள்ளூரிலும் ஓட்டிப் பார்த்தேன். ஏவிஎம் சானலில் பூவாறு முதல் இரையுமன்துறை வரையான பகுதி 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 13ஆவது தேசிய நீர்வழி. தூர்ந்து கிடக்கும் குளச்சல் பக்கம் போய் நின்று அதே சானலைப் ‘பாரம்பரியச் சின்னம்’ என்று சொன்னால் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். பாரம்பரியம் தூர்ந்துபோனது என்று தமிழில் சொல்ல முடியாது. தடம் தூர்ந்துபோனது என்று சொல்லலாம். தூர்வாரவும் சொல்லலாம்.

இதோ வர்ணனை வரி: “இந்த நீர்வழி, நிலக்கரியைச் சுமந்தவர்களும் மண்ணை வெட்டியவர்களும் விட்டுச் சென்ற உழைப்புத்தடம்.” மூலத்தில் இல்லாத மண் வெட்டியவர்களை நான் சேர்த்துவிட்டேன். தயாரிப்பாளர் கவனித்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மடல் 7: மதுரையிலிருந்து

என் மறுப்பைப் பதிவு செய்துகொண்டு தொடருங்கள். அகராதிக்கு ஒப்ப மாட்டேன். திரைக்குப் போகட்டும். வரி நன்றாக இருக்கிறது.

மடல் 8: நாகர்கோவிலிலிருந்து

நன்றி ஐயா. அடுத்தது ‘லாக்’. மேட்டுக் கால்வாய்க்கும் பள்ளக் கால்வாய்க்கும் நடுவில் இரண்டு பக்கமும் கதவு வைத்த அறை. படகை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, தண்ணீரை ஏற்றினால் படகு மேலே போகும். இறக்கினால் கீழே வரும். டிவைசஸ் ஊரில் இப்படி 29. அவற்றில் 16 ஒரே சரிவில் வரிசையாக நிற்கின்றன. எனக்கு முன் எழுதியவர் ‘29 பூட்டுகள்’ என்று வைத்திருக்கிறார். பார்க்கிறவர் சாவியைத் தேடுவார். மலையாளத்துச் ‘சீப்பு’ நினைவுக்கு வந்தது, ஆனால் அது தண்ணீரைத் தடுக்கும் பலகை அடைப்பு, இந்த அறை அல்ல. போதாததற்கு, 29 சீப்பு என்றால் வாழைக்குலைதான் கண்ணுக்குள் வருகிறது. வியாழக்கிழமை ஒலிப்பதிவு.

மடல் 9: திருவட்டாற்றிலிருந்து

தண்ணீர் நிற்கிறது, தொட்டி. ஏறி இறங்குகிறது, படி. படித்தொட்டி என்று எழுதுங்கள் தம்பி. தொட்டிப்பாலத்துக்குப் பெயர் வைத்தவரும் இதைவிட அதிகம் யோசித்திருக்க மாட்டார்.