புதுப்பிப்பு: கூண்டில் ஊளையிட்ட குட்டி இப்போது எப்படி இருக்கிறது

எங்கள் 3 மாத நாய்க்குட்டி கூண்டில் விட்டதும் ஊளையிடுகிறது என்று எழுதியிருந்தேன். தப்பு என்னுடையதுதான், முதல் நாளே கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

சரி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டுத் தட்டைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினேன். ஐந்தாம் நாள் தானாகவே போய், மூன்று சுற்றுச் சுற்றி, மூக்கை வாலுக்கடியில் செருகிப் படுத்துக்கொண்டது. அப்புறம்தான் கதவைச் சாத்தினேன், அதுவும் முதலில் ஒரு நிமிடம்தான். இந்த வயதுக் குட்டியால் பகலில் 3, 4 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. மதியம் பக்கத்து வீட்டு அக்கா வந்து வெளியே விடுகிறார். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுகிறோம், கம்பியில் மாட்டினால் ஆபத்து. தண்டனையாகக் கூண்டில் அடைப்பதே இல்லை.

நேற்று இடி இடித்தபோது அதுவாகவே ஓடிப்போய் உள்ளே ஒண்டிக்கொண்டது.