ஏரி வாய்க்காலில் சக்கர் மீன்: ஊர்க்காரர்கள் சேர்ந்து கணக்கெடுக்க எங்கிருந்து தொடங்குவது?

பாகூர்ப்பக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். பாகூர் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. போன வாரம் ஏரி மதகுக்குக் கீழே வாய்க்காலில் வீச்சு வலை போட்டவர்கள் கரையில் ஒரு குவியல் மீனை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். என்ன இது, மீனை விட்டுவிட்டா போவார்கள் என்று கிட்டப் போய்ப் பார்த்தால், வண்ணமீன் கடையில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கிறார்களே, அந்த சக்கர் மீன். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. சின்னது உள்ளங்கை அளவு, பெரியது முக்கால் முழம். உடம்பு முழுக்க ஓடு, தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொர என்று இருக்கிறது. செத்துவிட்டது என்று நினைத்து ஒன்றைக் குச்சியால் புரட்டினேன். வயிற்றுப் பக்கம் இருக்கிற வட்ட வாயை மெதுவாகத் திறந்து மூடியது. வெயிலில் எத்தனை மணி நேரம் கிடந்ததோ!

அப்பாவிடம் கேட்டால், முன்பு வருஷத்துக்கு ஒன்றிரண்டு கண்ணில் படும், ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம்தான் இத்தனை என்கிறார். 2024 நவம்பர் 30 ராத்திரி புயல் கரையைக் கடந்ததும், இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை பெருகி ஊரே மிதந்ததும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத்தான் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது, அதனால் ஆற்றில் இருப்பது ஏரிக்கும் வரும். ஆனால் அப்பா சொல்வது நினைவில் இருக்கிற கணக்குதானே, எழுதி வைத்தது யாரிடமும் இல்லை.

நாங்கள் எட்டுப் பத்துப் பேர் தயாராக இருக்கிறோம், இரண்டு பேர் கல்லூரிப் பிள்ளைகள். கேள்வி இதுதான்: வலை வாங்க வேண்டுமா? யாரிடம் அனுமதி கேட்பது? பிடித்தால் அதை என்ன செய்வது? இந்த ஏரியில்தான் நான் நீச்சல் கற்றுக்கொண்டேன், சும்மா பார்த்துக்கொண்டிருக்க மனசு வரவில்லை.

தொட்டிக்காரன்:

தம்பி, நான் புதுச்சேரியில் பதினோரு வருஷம் வண்ணமீன் கடை வைத்திருந்தவன், இப்போது இல்லை. சரக்கு பெரும்பாலும் சென்னை கொளத்தூரிலிருந்து வரும். சக்கர் குஞ்சு இரண்டு அங்குலம்தான் இருக்கும், விலையும் குறைவு, பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லிக் கொடுப்போம். அது ஒன்றரை அடி வரைக்கும் வளரும் என்பதை வாங்குகிறவரிடம் நான் சொன்னதில்லை. ஒரு வருஷம் கழித்து ஒரு அம்மா வாளியில் போட்டுக் கொண்டு வந்தார்கள், இரண்டடித் தொட்டியில் திரும்பக்கூட இடமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. எனக்கும் இடமில்லை, முடியாது என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் அதை எங்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள் என்று இப்போது நினைத்தாலும் மனசு உறுத்துகிறது. கொல்ல மனம் வராமல், புண்ணியம் என்று நினைத்துத்தான் கோயில் குளத்திலும் வாய்க்காலிலும் விடுகிறார்கள், அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன்.

அதனால் உங்கள் கணக்கெடுப்பை ஏரிக்கரையோடு நிறுத்தாதீர்கள். பக்கத்து ஊர்களில் எந்தக் கடையில் என்ன விற்கிறார்கள் என்று மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்து எழுதி வையுங்கள். சக்கர் மட்டுமில்லை, அலிகேட்டர் கார் என்று ஒரு மீன், முதலை மாதிரி வாய், குஞ்சாக இருக்கும்போது பென்சில் மாதிரி அழகாக இருக்கும், வாங்கிவிடுவார்கள். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அதுவும் அராபைமா என்ற தென்னமெரிக்கப் பெரிய மீனும் அங்கே ஆற்றில் வலையில் சிக்கின, 2023இல் காஷ்மீர் தால் ஏரியில்கூட ஒரு அலிகேட்டர் கார் அகப்பட்டது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், 'வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா' என்று மட்டும் கேளுங்கள். ஒரு கடை சரி என்றாலும் அந்தப் பேரை ஊர் முழுக்கச் சொல்லுங்கள், தொட்டியில் அடங்காத மீன் போக ஒரு வழி வேண்டும்.

கெடிலக்கரை:

கடலூரிலிருந்து எழுதுகிறேன், விலங்கியல் ஆசிரியர். மாணவர்களோடு கெடிலம் ஆற்றில் மூன்று இடத்தில் மாதா மாதம் இதைச் செய்து வருகிறோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அனுமதி. உங்கள் ஏரி மீன்பிடிக் குத்தகைக்கு விட்டதாக இருக்கும், குத்தகை எடுத்தவரிடமும் ஏரிச் சங்கத்திலும் பேசுங்கள். வலையே வாங்க வேண்டாம், அவர் பிடிக்கிற நாளில் கூட நின்று எண்ணினால் போதும். ஊசுட்டேரிப் பக்கம் போவதாக இருந்தால் வேறு விஷயம், 2008இலிருந்து அது சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே வலையைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது.

அப்புறம், எண்ணுவது எப்படி என்பது. 'இன்று பதினேழு' என்று மட்டும் எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. எத்தனை வலை, எத்தனை வீச்சு, எவ்வளவு நேரம், அதே வலையில் கெண்டை எத்தனை, விரால் எத்தனை, ஜிலேபி எத்தனை, எல்லாம் வேண்டும். அதே இடம், அதே மாதிரி வலை, முடிந்தால் அதே நேரம். ஒன்றுமே சிக்காத நாளையும் தேதி போட்டு, சக்கர் 0 என்று கட்டாயம் எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் முதல் நான்கு மாதம் சிக்கிய நாளை மட்டும்தான் எழுதினார்கள். கடைசியில் பார்த்தால் மீன் கூடியிருக்கிறதா, நாங்கள் அதிக தடவை போயிருக்கிறோமா என்று பிரித்தே பார்க்க முடியவில்லை. அந்த நான்கு மாதக் கணக்கை அப்படியே ஒதுக்க வேண்டியதாகிவிட்டது.

படம் மூன்று வேண்டும். பக்கவாட்டில் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று, முதுகுத் துடுப்பை விரித்துப் பிடித்து ஒன்று. பக்கத்தில் அடிக்கோலோ தீப்பெட்டியோ வையுங்கள். துடுப்பில் முன்னால் இருக்கிற முள்ளை விட்டுவிட்டுக் கதிர்களை எண்ணினால் பெரும்பாலும் 10 அல்லது அதற்கு மேல் இருக்கும், அப்படியென்றால் டெரிகோப்ளிக்திஸ் பேரினம், தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. வயிற்றில் புள்ளி புள்ளியாக இருந்தால் ஒரு இனம், புழு நெளிந்த மாதிரிக் கோடாக இருந்தால் இன்னொன்று என்பார்கள், ஆனால் இரண்டும் கலந்து இனப்பெருக்கம் செய்வதால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. படத்தை இடம், தேதியோடு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றிவிடுங்கள், தெரிந்தவர்கள் சரிபார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தெரியாத மீனையெல்லாம் வெளிநாட்டு மீன் என்று கொன்றுவிடாதீர்கள். சக்கர் உடம்பில் ஓடு இருப்பதால் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும், கம்பூசியா அப்படியில்லை. கொசுப்புழுவைத் தின்னும் என்று 1928இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்து இன்றைக்கும் குளங்களில் விடுகிற மீன் அது. அதே அளவில் நம் ஊர் மீன் ஒன்று நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும், மேலிருந்து பார்த்தால் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி மின்னும். எங்கள் பக்கம் சிலர் முண்டக்கண்ணி என்பார்கள். அதுவும் கொசுப்புழு தின்பதுதான். அந்தப் பொட்டைப் பார்த்தால் தொடவே வேண்டாம்.

ஏரிக்கரைப்பொண்ணு:

எங்கள் அப்பா நாற்பது வருஷமாக ஏரியில் மீன் பிடிக்கிறவர். ஆசிரியர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் முதலில் பேச வேண்டியது எங்களைப் போன்றவர்களிடம். போன வருஷம் சில பேர் கேமராவோடு வந்து, நீங்கள்தான் இதைப் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் போட்டுப் பரப்புகிறீர்கள் என்ற மாதிரி பேசினார்கள். அப்பா அன்றைக்கு எழுந்து போய்விட்டார், அப்புறம் யார் கேட்டாலும் பதில் சொல்வதில்லை.

தங்கூசி வலையில் இந்த மீன் மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? பக்கத் துடுப்பிலும் முதுகுத் துடுப்பிலும் இருக்கிற முள்ளை அது விறைப்பாக விரித்து வைத்துக்கொள்ளும், இழுக்க இழுக்க இறுகும். ஒரு மீனை எடுக்க வலையில் நாலு கண்ணியாவது அறுக்க வேண்டும். அப்பா கை முழுக்கக் கீறல். அம்மா ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருப்பார்கள், மறுநாள் அதே இடம் கிழியும். அந்த மீனுக்குச் சந்தையில் விலையும் கிடையாது. வலையிலிருந்து விடுபட்டால் போதும் என்று தூக்கி எறிகிறவர், அது கரையில் விழுகிறதா தண்ணீரில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாரா?

நீங்கள் போகும்போது ஒரு பெரிய டிரம் கொண்டுபோய் வைத்துவிட்டு, சக்கரை இதில் போடுங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒரு உருண்டை நைலான் நூலும் வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கையை அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். எங்கள் அப்பா வலையை இழுக்கும்போதே பாரத்தை வைத்து உள்ளே சக்கர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

இன்னொன்று, கோடையில் தண்ணீர் இறங்கும்போது கரையைப் பாருங்கள். இது கரையில் வளை தோண்டி முட்டையிடும், ஆண் மீன் உள்ளேயே காவல் இருக்கும். நண்டு வளை உருண்டையாகச் சின்னதாக இருக்கும். இதன் வளை வாய் ஒரு சாண் அகலம், அடி தட்டையாக மேலே கூம்பி இருக்கும். நான் கையை விட்டுப் பார்த்தேன், தோள் வரை போனது. ஏரிக்கரையில் வரிசையாக இப்படி ஓட்டை விழுந்தால் மழைக்காலத்தில் கரை என்ன ஆகும்? ஏரிச் சங்கத்தாரிடம் மீனைக் காட்டுவதைவிட இந்த வளையைக் காட்டுங்கள்.

நல்லதண்ணி:

எல்லாம் சரி, ஒன்று கேட்கிறேன். ஆறு, வாய்க்கால், ஏரி எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறது, வருஷா வருஷம் வெள்ளம் வருகிறது. நீங்கள் பதினேழு எடுத்தால் மேலேயிருந்து நூறு வரும். எண்ணி எழுதி யாருக்கு என்ன லாபம்? அந்த ஞாயிற்றுக்கிழமையில் வாய்க்காலைத் தூர் வாரலாமே.

கெடிலக்கரை:

நியாயமான கேள்விதான். ஆற்றோடு சேர்ந்த ஏரியிலிருந்து இதை முழுசாக எடுத்துவிட முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். மெக்சிகோவில் இன்ஃபியர்னில்லோ என்ற அணை நீர்த்தேக்கத்தில் ஜிலேபி மீனை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள், சக்கர் பெருகிய பிறகு வலையில் வந்ததில் பெரும்பகுதி அதுதான். அங்கேயும் அழிக்க முடியவில்லை.

ஆனால் புதுச்சேரிப் பகுதியில் மட்டும் 84 ஏரி என்று கணக்கு. எல்லாவற்றுக்கும் ஆற்று வாய்க்கால் கிடையாது, மழைத் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கிற ஏரிகளும் குளங்களும் நிறைய. அங்கே இந்த மீன் தானாக நடந்து போகப் போவதில்லை, யாராவது கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. எந்த ஏரியில் இன்னும் இல்லை என்று தெரிந்தால் அந்த ஊரில் போய்ப் பேசலாம், மதகில் எழுதி வைக்கலாம், மீன்குஞ்சு விடும்போது கலப்படம் இருக்கிறதா என்று பார்க்கலாம். நான் 0 எழுதுங்கள் என்று அத்தனை வற்புறுத்துவது இதற்காகத்தான். உங்கள் பஞ்சாயத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருந்தால், 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி, ஊரில் இருக்கிற உயிரினங்களை எழுதி வைக்கிற மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்று வைத்திருக்க வேண்டும். உங்கள் நோட்டை அதில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தூர் வாருவதும் நல்லதுதான், வாரும்போது கரையில் எத்தனை வளை என்று சேர்த்து எண்ணிவிடுங்கள்.

பாகூர்ப்பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, டிரம் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே ஒரு சந்தேகம், டிரம்மில் சேர்ந்த மீனை என்ன செய்வது? கரையில் போட்டால் மணிக்கணக்கில் துடிக்கிறது, பார்க்க முடியவில்லை.

தொட்டிக்காரன்:

அது வாயால் காற்றைக் குடித்து வயிற்றிலேயே மூச்சு விடுகிற மீன், அதனால்தான் அவ்வளவு நேரம் தாங்குகிறது. கரையில் போடாதீர்கள், அது கொடுமை, மழை பெய்தால் தண்ணீருக்கே திரும்பிவிடும். நாட்டு மருந்துக் கடையில் கிராம்பு எண்ணெய் வாங்குங்கள். ஒரு சின்ன பாட்டிலில் வெந்நீரோடு விட்டு நன்றாகக் குலுக்கி, 10 லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி எண்ணெய் என்ற கணக்கில் டிரம்மில் ஊற்றினால் மீன் மயங்கிவிடும். செவுள் அசைவு நின்ற பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். அப்புறம் ஏரியை விட்டுத் தள்ளி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள், கொக்கும் கூழைக்கடாவும் எடுக்கிற மாதிரி வெளியே போட வேண்டாம். அயல்நாட்டில் இந்த மீன் தொண்டையில் மாட்டிக் கூழைக்கடா செத்திருக்கிறது. டிரம் தண்ணீரையும் வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.

பாகூர்ப்பக்கம்:

இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். முதல் வாரம் வலைக்காரர்கள் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரம்மையும் நூலையும் வைத்துவிட்டு ஓரமாக நின்றோம். இரண்டாவது வாரம் அவர்களில் பெரியவர் ஒருவர் தானாகவே கூப்பிட்டு, மதகுக்கு மேற்கே வளை இருக்கிற இடத்தைக் காட்டினார். நோட்டில் எழுதியது இது:

மதகு வாய்க்கால், காலை 6 முதல் 8 வரை, வீச்சு வலை 2, வீச்சு 30. சக்கர் 9, ஜிலேபி 41, கெண்டை 12, கெளுத்தி 3, விரால் 1. மேற்குக் கரையில் நூறு அடிக்கு வளை 6.

ஊருக்குத் தெற்கே மழைத் தண்ணீர்க் குளம், காலை 9 முதல் 10 வரை, அதே வலை, வீச்சு 15. கெண்டை 8, குரவை 2. சக்கர் 0.