14 வயது மார்வாரி பெட்டைக் குதிரைக்கு உறைவிந்து நிற்கவில்லை

பொள்ளாச்சி பக்கம். இதுவரை குட்டி போடாத பெட்டை. உறைவிந்தில் இரண்டு பருவம் சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. பொலிகுதிரை இப்போது உயிரோடு இல்லை. மிச்சம் 8 உறைவிந்துக் குச்சிதான், ஒரு தடவைக்கு வரும்.

செய்தது இதுதான்: சினைமுட்டைப்பை (ஃபாலிக்கிள்) 35 மி.மீ. தாண்டி, ஸ்கேனில் கருப்பை வீக்கமும் தெரிந்த பிறகு முட்டை வெடிக்க வைக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் 2500 யூனிட். 24 மணி நேரம் கழித்து, 6 மணி நேரத்துக்கு ஒரு ஸ்கேன். முட்டை வெடித்ததும் 0.5 மி.லி. குச்சி எட்டை 37 டிகிரி நீரில் 30 விநாடி உருக்கி, வெடித்த பக்கத்துக் கருப்பைக் கொம்பின் நுனியில் வைத்தோம். உருக்கியபின் முன்னோக்கி ஓடும் அணுக்கள் 35 சதம். அதனால் விந்தைக் குறை சொல்ல மனமில்லை.

சிக்கல் கருப்பையில்தான் என்று படுகிறது. இரண்டு முறையும் மறுநாள் கருப்பையில் 2 செ.மீ.க்கு மேல் நீர். கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் 20 யூனிட் போட்டும் முழுக்க வடியவில்லை, கருப்பை வாய் அவ்வளவு இறுக்கம். முன்னரே கருப்பையில் எடுத்த கல்ச்சர் (கிருமிச் சோதனை), சைட்டாலஜி (செல் சோதனை) இரண்டும் சுத்தம். ரிங்கர் லாக்டேட் உப்புக் கரைசல் விட்டுக் கழுவவில்லை. அடுத்த முறை சினை ஊசிக்கு 6 மணி நேரம் கழித்துக் கழுவ எண்ணம்.

இப்படி வாய் திறக்காத வயதான பெட்டைக்கு, சினை ஊசிக்கு முன்பே வாயைத் தளர்த்தும் மிசோப்ரோஸ்டால் மருந்து பூசி நீர் தேங்காமல் பார்த்தவர்கள் உண்டா, எத்தனை மணி நேரம் முன்னால், எவ்வளவு பூசினீர்கள்?